ஆப் காட்டும் கணக்கும் எண்ணெய் பாட்டில் காட்டும் கணக்கும்

கேள்வி: எனக்கு வயது 41. உயரம் 156 செ.மீ., எடை 72 கிலோ. அலுவலகத்தில் உட்கார்ந்து பார்க்கும் வேலை. எடை குறைக்க ஒன்பது வாரமாக ஒரு கலோரி ஆப்பில் சாப்பிடுவதை எல்லாம் பதிவு செய்கிறேன். தினமும் மாலை ஒரு மணி நேரம் நடக்கிறேன். ஆப் எனக்கு 1,280 கலோரி என்று இலக்கு கொடுத்திருக்கிறது. கிட்டத்தட்ட அதற்குள்தான் இருக்கிறேன். கையில் கட்டியிருக்கும் வாட்ச் தினமும் 480 கலோரி எரிந்ததாகக் காட்டுகிறது. முதல் இரண்டு வாரத்தில் ஒன்றரை கிலோ குறைந்தது. அதற்குப் பிறகு ஏழு வாரமாக அசையவே இல்லை. தைராய்டு, சர்க்கரை இரண்டும் நார்மல். என் உடம்புவாகே வேறு மாதிரியா? 900 கலோரிக்கு இறங்கிவிடலாமா? போன வாரம் மகளின் பிறந்தநாள் கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு, அதை ஆப்பில் ஏற்றும்போது அழுதுவிட்டேன். நான்கு நாள் பதிவை இணைத்திருக்கிறேன்.

— பெயர் வேண்டாம், கரூர்

பதில்:

அன்புள்ள சகோதரி,

முதலில் 900 விஷயத்தை முடித்துவிடுவோம். வேண்டாம். அந்த அளவுக்குக் குறைத்தால் கொழுப்போடு சேர்ந்து தசையும் கரையும், முடி கொட்டும், மிக வேகமாக எடை இறங்கினால் பித்தப்பையில் கல் வரும் வாய்ப்பும் கூடும். அவ்வளவு குறைந்த உணவை மருத்துவர் கண்காணிப்பில் மட்டும்தான் எடுக்க வேண்டும். உங்களுக்கு அதற்கான தேவையும் இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

நீங்கள் அனுப்பிய நான்கு நாள் பதிவை மூன்று முறை படித்தேன். மாவு ஆட்டும் நாள், அலுவலகத்தில் யாரோ கொண்டுவந்த முறுக்கு வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். இவ்வளவு உண்மையாக எழுதுகிறவர்கள் குறைவு. நீங்கள் எதையும் மறைக்கவில்லை. ஆனால் நீங்கள் எழுதியதை ஆப் புரிந்துகொண்ட விதத்தில் பெரிய ஓட்டை இருக்கிறது.

நான்கு நாளும் 'காபி - 2' என்று இருக்கிறது. அதற்கு எதிரே ஆப் போட்டிருக்கும் கலோரி 4. ஒரு காபிக்கு 2 கலோரி. அது பால், சர்க்கரை சேராத கடுங்காப்பியின் கணக்கு. நீங்களோ ஆரஞ்சு பாக்கெட் பாலில் ஃபில்டர் காபி போடுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஆவின் ஆரஞ்சு பாக்கெட் 6 சதவீதக் கொழுப்பு உள்ள பால். 100 மில்லியில் 85 கலோரிக்குக் கொஞ்சம் கூடுதலாக இருக்கும். ஒரு டம்ளருக்கு 120 மில்லி பால் என்று வைத்தாலே 100 கலோரி ஆகிவிட்டது. இரண்டு ஸ்பூன் சர்க்கரை 10 கிராம், அது 40. ஆக ஒரு காபி 140, இரண்டு காபி 280. பதிவில் இருப்பது 4.

எண்ணெய்க்கு வருவோம். நான்கு நாள் பதிவில் எண்ணெய் என்ற சொல் இரண்டே இடத்தில்தான் வருகிறது: தோசைக்கு ஒரு ஸ்பூன், பொடிக்கு ஒரு ஸ்பூன். ஆனால் கடிதத்தின் கடைசியில், வீட்டில் நான்கு பேர் என்றும், மாதம் 3 லிட்டர் கடலை எண்ணெயும் 1 லிட்டர் நல்லெண்ணெயும் ஆகிறது என்றும் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் மொத்தப் பதிவையும் விடப் பயன்பட்டது. நான்கு லிட்டரை 30 நாளுக்கும் நான்கு பேருக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 33 மில்லி வருகிறது. எடையில் 30 கிராம். ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி, ஆக 270. பொரித்துவிட்டு மீதியைக் கொட்டுவீர்கள், வருகிறவர்களுக்கு ஒரு தோசை ஊற்றுவீர்கள், ஆப்பில் உள்ள சாம்பார், பொரியல் கணக்கிலும் கொஞ்சம் எண்ணெய் அடங்கியிருக்கும். எல்லாவற்றையும் தாராளமாகக் கழித்தாலும் ஒரு நாளைக்கு 150 கலோரியாவது எழுதப்படாமல் உள்ளே போகிறது.

சாதம் '1 கப்' என்று எழுதுகிறீர்கள். ஆப்பின் கப் என்பது அமெரிக்க அளவு. ஏறக்குறைய 160 கிராம் சாதம், 205 கலோரி. சாம்பாருக்கு, ரசத்துக்கு, தயிருக்கு என்று மூன்று தடவை போட்டுக்கொள்ளும் மதியச் சாப்பாடு 160 கிராமில் முடியாது. உங்கள் தட்டை நான் பார்க்கவில்லை. ஆனால் ஒருவர் "கொஞ்சம்தான் போட்டேன்" என்று சொல்லும் சாதத்தை எடை போட்டால் பெரும்பாலும் 250 கிராம் வரும். அது 320 கலோரி. இங்கே ஒரு 115 விட்டுப்போகிறது.

இப்போது கூட்டிப் பாருங்கள். நான்கு நாள் பதிவின் சராசரி 1,290. விட்டுப்போன காபி 276, எண்ணெய் 150, சாதம் 115. மொத்தம் 1,830 வருகிறது. இதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த பக்கத்தைப் பார்ப்போம்.

நீங்கள் ஒரு நாளில் எவ்வளவு செலவழிக்கிறீர்கள்? 1990-ல் வெளியான மிஃப்லின் - செயின்ட் ஜியோர் சூத்திரத்தைத்தான் நாங்கள் பெரும்பாலும் பயன்படுத்துகிறோம். பல ஆப்களும் இதையேதான் வைத்திருக்கின்றன. பெண்களுக்கு: எடையை 10-ஆல் பெருக்கி, உயரத்தை 6.25-ஆல் பெருக்கி, இரண்டையும் கூட்டி, வயதை 5-ஆல் பெருக்கிக் கழித்து, இன்னும் 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 720, 975; அதில் 205-ம் 161-ம் போனால் 1,329. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் இதயம், மூளை, ஈரல், மூச்சு எல்லாம் நடப்பதற்கு ஆகும் செலவு இது. உட்கார்ந்த வேலையும் தினசரி ஒரு நடையும் சேர்ந்தால் இதை 1.375-ஆல் பெருக்குவோம். வருவது 1,827.

உள்ளே 1,830, வெளியே 1,827. ஏழு வாரமாக முள் ஏன் அசையவில்லை என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. இரண்டு எண்களும் இப்படி ஒட்டி வந்தது தற்செயல்தான். இரண்டிலுமே நூறு முன்னே பின்னே இருக்கும். ஆனால் உங்கள் உடம்பு சரியாகத்தான் வேலை செய்கிறது என்பதைச் சொல்ல இவ்வளவு போதும்.

"என் உடம்புவாகே வேறு மாதிரியா" என்று கேட்டிருக்கிறீர்கள். இதே கேள்வியோடு வந்தவர்களை வைத்து நியூயார்க்கில் செய்த ஓர் ஆய்வு 1992-ல் வெளியானது. 1,200 கலோரிக்குக் கீழே சாப்பிட்டும் எடை குறையவில்லை என்று சொன்ன பத்துப் பேரை அளந்து பார்த்தார்கள். அவர்களின் உடம்பு செலவழிக்கும் அளவு இயல்பாகவே இருந்தது. சாப்பிட்டதை அவர்கள் சராசரியாக 47 சதவீதம் குறைத்துச் சொல்லியிருந்தார்கள்; உடல் உழைப்பை 51 சதவீதம் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். இதைப் பொய் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2002-ல் வெளியான இன்னோர் ஆய்வில் ஊட்டச்சத்து நிபுணர்களையே உட்காரவைத்துச் சோதித்தார்கள். சாப்பாட்டைக் கணக்குப் போடுவதே தொழிலாக உள்ள அவர்களும் தினம் 220 கலோரிக்கு மேல் குறைத்தே எழுதியிருந்தார்கள். மனிதக் கண்ணுக்கு எண்ணெயும் சாதமும் சரியாக அளக்க வராது. அவ்வளவுதான்.

அடுத்து, வாட்ச் காட்டும் 480. மாலையில் இதை ஆப் எடுத்துக்கொண்டு "இன்னும் 480 சாப்பிடலாம்" என்கிறது, நீங்களும் முழுதாக இல்லாவிட்டாலும் சில நாள் ஒரு போண்டாவோ பஃப்ஸோ சாப்பிடுகிறீர்கள். அதைப் பதிவும் செய்திருக்கிறீர்கள், நல்லது. ஆனால் அந்த 480-ஐ இனிமேல் பார்க்க வேண்டாம் என்பேன். 72 கிலோ எடை உள்ளவர் சுமாரான வேகத்தில் ஒரு மணி நேரம் நடந்தால் ஏறக்குறைய 250 கலோரி செலவாகும். அந்த ஒரு மணி நேரம் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாலே 60, 70 போயிருக்கும். அதைக் கழித்தால் நடையால் கூடுதலாகப் போனது 180 அல்லது 190. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2017-ல் ஏழு வகை மணிக்கட்டுக் கருவிகளைச் சோதித்தார்கள். இதயத் துடிப்பைப் பெரும்பாலானவை நன்றாகவே காட்டின. கலோரியில் மட்டும், இருப்பதிலேயே சரியான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது. மோசமானது 93 சதவீதம்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஆப்பைத் தொடங்கும்போது 'ஓரளவு சுறுசுறுப்பானவர்' என்பதைத் தேர்ந்தெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். உங்கள் நடையைக் கணக்கில் சேர்த்துத்தான் ஆப் 1,827-ம் அதிலிருந்து கழித்து 1,280-ம் தந்திருக்கிறது. அதே நடையை வாட்ச் மறுபடி ஒரு முறை கொண்டுவந்து சேர்க்கிறது. ஒரே சம்பளத்தை இரண்டு முறை வரவு வைத்தது போல. அதனால் வாட்சையும் ஆப்பையும் இணைத்திருக்கும் அந்த அமைப்பை இன்றே நிறுத்திவிடுங்கள். நடையை நிறுத்தாதீர்கள். எடைக்கு அது கொடுப்பது குறைவு. ஆனால் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் தூக்கத்துக்கும், குறைத்த எடை திரும்ப ஏறாமல் இருப்பதற்கும் அது நிறையக் கொடுக்கும்.

மாமியார் "இட்லி தோசைக்கெல்லாம் யாரம்மா கணக்கு எழுதி வைத்திருக்கிறார்கள்" என்று கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் சொல்லுங்கள், நம் ஊர் உணவைப் பற்றிய ஆராய்ச்சி நீலகிரி மலையிலேயே நடந்தது. குன்னூரில் 1918-ல் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய ஆய்வுக்கூடம்தான் வளர்ந்து, 1958-ல் ஹைதராபாத்துக்குப் போய், இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆனது. அவர்கள் 2017-ல் வெளியிட்ட அட்டவணையில் 528 உணவுப் பொருட்கள் உள்ளன. ஆனால் மாமியார் கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. அரிசிக்கும் துவரம்பருப்புக்கும் தேங்காய்க்கும் உறுதியான எண் இருக்கிறது. உங்கள் வீட்டு சாம்பாருக்கு யாராலும் எண் கொடுக்க முடியாது. ஆப்பில் 'சாம்பார்' என்று தேடினால் 60-லிருந்து 200 வரை வருவது இதனால்தான். ஆகவே தட்டில் இருப்பதை அளப்பதை விட்டுவிட்டு, அடுப்பில் ஏறுவதற்கு முன்னால் அளப்போம்.

இரண்டே வாரம் இப்படிச் செய்யுங்கள். சமையலறைக்கு ஒரு சின்ன டிஜிட்டல் தராசு வாங்கிக்கொள்ளுங்கள். கீரை, வெண்டைக்காய், புடலங்காய், ரசம் இவற்றை எல்லாம் அளக்க வேண்டாம், நேரம்தான் வீண். அளக்க வேண்டியது எண்ணெயும் நெய்யும், அரிசியும் மாவும், தேங்காயும் கடலையும், பாலும் சர்க்கரையும். உங்கள் கலோரியின் பெரும்பகுதி இவற்றில்தான் இருக்கிறது.

சாதத்துக்கு ஒரு வழி சொல்கிறேன், ஒரு நாள் செய்தால் போதும். அரிசியைக் களையும் முன் எடை போடுங்கள், 400 கிராம் என்று வைப்போம். அதில் சுமார் 1,400 கலோரி. வெந்ததும் பாத்திரத்தோடு நிறுத்து, காலிப் பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். சாதம் 1,100 கிராம் இருந்தால் 100 கிராமுக்கு 127 கலோரி. கஞ்சி வடிக்கிற வீடாக இருந்தால் கொஞ்சம் குறையும். பிறகு நீங்கள் வழக்கமாகப் போடும் கரண்டியில் ஒரு கரண்டி எடுத்து நிறுத்துப் பாருங்கள். அதற்கப்புறம் தராசு வேண்டாம், கரண்டியே உங்கள் அளவு. மதியம் இரண்டு கரண்டி என்றால் இரண்டு கரண்டி.

எண்ணெய்க்கு: ஒவ்வொரு வாரத் தொடக்கத்திலும் பெரிய பாட்டிலிலிருந்து வீட்டுக்கு ஒரு வாரத்துக்கான எண்ணெயைத் தனியாகச் சின்ன பாட்டிலில் ஊற்றி வையுங்கள். இப்போது வாரத்துக்கு 930 மில்லி ஆகிறது. அதை 600 ஆக்குங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டும் சேர்த்துத்தான். நான்கு பேருக்கும் நல்லது, தனிச் சமையலும் வேண்டாம். பாட்டிலில் மார்க்கர் பேனாவால் ஏழு கோடு போட்டு, எந்த நாள் எந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கியது என்று மட்டும் பாருங்கள். பூரி போட்ட நாள் இரண்டு கோடு இறங்கும், பரவாயில்லை. அடுத்த நாள் அதைச் சரிசெய்துகொள்ளலாம்.

காபியை நிறுத்தச் சொல்ல மாட்டேன். காலையில் அந்த ஒரு டம்ளர் என்ன சுகம் என்று எனக்கும் தெரியும். நீல பாக்கெட் பாலுக்கு மாறி, சர்க்கரையை ஒரு ஸ்பூனாக்கினால் 140 என்பது 90-க்கு வந்துவிடும். மாலைக் காபியை வேண்டுமானால் அரை டம்ளர் ஆக்குங்கள்.

இலக்கை 1,400 என்று மாற்றுங்கள். ஆச்சரியமாக இருக்கும், ஆப் சொன்னதை விட 120 அதிகமாகச் சாப்பிடச் சொல்கிறேன். ஆனால் இது எல்லாம் சேர்ந்த 1,400. இதில் 65-லிருந்து 70 கிராம் புரதம் இருக்க வேண்டும். உங்கள் பதிவில் அதற்குப் பாதிதான் தெரிகிறது. காலையில் நான்கு இட்லிக்குப் பதில் இரண்டு இட்லியும் இரண்டு முட்டையும், மாலையில் போண்டாவுக்குப் பதில் கொண்டைக்கடலையோ பச்சைப்பயறோ சுண்டல், மதியம் ஒரு கரண்டி சாதத்தைக் குறைத்து அந்த இடத்தில் கெட்டிப் பருப்பு அல்லது மீன் குழம்பில் ஒரு துண்டு மீன். பசி தாங்கும், எடை குறையும்போது தசையும் அதிகம் கரையாது. வாரத்தில் இரண்டு நாள் நடைக்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை வைத்துத் தள்ளுவது, தண்ணீர் பாட்டிலைத் தூக்கி இறக்குவது என்று இருபது நிமிடம் செய்யுங்கள்.

எடையைப் பார்க்கும் முறையையும் மாற்ற வேண்டும். திங்கள்கிழமை மட்டும் ஏறிப் பார்க்கிறீர்கள். ஞாயிறு பிரியாணியின் உப்பும் சோறும் உடம்பில் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும் நாள் அது. மாதவிலக்குக்கு முந்தைய நாட்களில் ஒரு கிலோ, சிலருக்கு இரண்டு கிலோ வரை தண்ணீர் ஏறி இறங்கும். முதல் இரண்டு வாரத்தில் உங்களுக்குக் குறைந்த ஒன்றரை கிலோவிலும் நல்ல பங்கு தண்ணீர்தான். தினமும் காலையில், கழிப்பறை போய்விட்டு வந்து, காபிக்கு முன்னால் எடை பார்த்துக் குறித்துவிட்டு மறந்துவிடுங்கள். ஏழு நாள் கூட்டி ஏழால் வகுத்து வருவதுதான் அந்த வார எடை. அதோடு மாதம் ஒரு முறை இடுப்பை டேப்பால் அளந்து வையுங்கள். நம் பெண்களுக்கு 80 செ.மீ.-க்குள் இருக்க வேண்டும் என்பது அளவுகோல்.

நான்கு வாரம் கழித்து சூத்திரமே உங்களுக்குத் தேவைப்படாது. நீங்கள் உண்மையில் சாப்பிட்ட சராசரி 1,400, வாரச் சராசரி எடை நான்கு வாரத்தில் 1.2 கிலோ குறைந்தது என்று வைப்போம். ஒரு கிலோ கொழுப்புத் திசுவுக்குச் சுமார் 7,700 கலோரி. 1.2 கிலோவுக்கு 9,240. 28 நாளால் வகுத்தால் 330. அப்படியானால் உங்கள் உடம்பின் உண்மையான தினச் செலவு 1,730. எந்த வாட்சும் இதைவிடச் சரியாகச் சொல்லாது. எடை குறையக் குறைய இந்த எண்ணும் இறங்கும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டியிருக்கும்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. இன்சுலின் போடுகிறவர்களும் சர்க்கரை மாத்திரை எடுப்பவர்களும் டாக்டரிடம் கேட்காமல் உணவைக் குறைக்காதீர்கள், சர்க்கரை திடீரென்று தாழ்ந்துவிடும். கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

கடைசியாகப் பிறந்தநாள் கேக். இதைத்தான் நான் முதலில் எழுதியிருக்க வேண்டும். மகள் ஊட்டிவிட்ட ஒரு துண்டு கேக்கை எழுதும்போது கண்ணீர் வருகிறது என்றால், நீங்கள் மிகவும் களைத்துப்போயிருக்கிறீர்கள். சரியாகச் செய்தும் பலன் வராமல் ஏழு வாரம் இருந்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும். அந்தத் துண்டு 250, 300 கலோரி இருந்திருக்கும். ஏழு வாரம் எடை நின்றதற்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. தினமும் இரண்டு காபியில் அவ்வளவு விட்டுப்போயிருக்கிறது, அதற்காக நீங்கள் ஒரு நாளும் அழவில்லையே.

இந்த இரண்டு வாரம் அளந்து முடித்ததும் ஆப்பை மூடி வைத்துவிடுங்கள். கரண்டி தெரியும், பாட்டில் கோடு தெரியும், காலை எடை தெரியும். தினம் ஒவ்வொரு கவளத்தையும் எழுத வேண்டிய அவசியம் இல்லை. நடுவிலேயே அழுகை மறுபடி வந்தாலோ, சாப்பிட்டதற்குத் தண்டனையாக அடுத்த வேளை பட்டினி கிடக்கத் தோன்றினாலோ, வீட்டார் பார்க்காமல் சாப்பிடத் தோன்றினாலோ, இரண்டு வாரம்கூடக் காத்திருக்காமல் அன்றே எழுதுவதை நிறுத்திவிட்டு, ஒரு மனநல மருத்துவரையோ ஆலோசகரையோ பாருங்கள். எடையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

ஒரு மாதம் கழித்து எனக்கு எழுதுங்கள். எடையை முதல் வரியில் எழுத வேண்டாம். அந்த ஏழு கோட்டு பாட்டில் சனிக்கிழமை இரவு எந்தக் கோட்டில் நிற்கிறது, அதை முதலில் எழுதுங்கள்.